புதுச் சிஸ்டரை முதல் நாளே ஓர் ஆளாகக் கணக்கெழுதாதீர்கள்

ஜூன் 2021

கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம், நாமக்கல், கரூர் மாவட்டங்களில் கொரோனா வார்டு நடத்தும் தனியார் மருத்துவமனை நிர்வாகத்தாருக்கும், இந்த மாவட்டங்களின் மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநர்களுக்கும்,

மே 3-ஆம் தேதி மத்திய அரசு ஓர் அறிவிப்பு வெளியிட்டது. பி.எஸ்சி. நர்சிங் பட்டமோ ஜி.என்.எம். என்ற செவிலியர் டிப்ளமோவோ முடித்தவர்களை முழுநேரக் கொரோனா பணியில் அமர்த்தலாம். மூத்த செவிலியர்கள், பொறுப்பு மருத்துவர்களின் மேற்பார்வையில் அவர்கள் வேலை பார்க்க வேண்டும். நூறு நாள் பணி முடித்தால் அரசு வேலையில் முன்னுரிமை உண்டு. இதில் முதல் பகுதியை நீங்கள் உடனே எடுத்துக்கொண்டீர்கள். நடுவில் இருந்த நிபந்தனை மட்டும் டியூட்டி லிஸ்ட்டுக்கு வந்து சேரவில்லை.

அந்த லிஸ்ட்டில் எங்கள் பிள்ளைகள் இருக்கிறார்கள். படிப்பை முடித்த கையோடு நேராகக் கொரோனா வார்டுக்குள் போனவர்கள். எங்களில் சிலர் வருடக்கணக்கில் வார்டு பார்த்து ஓய்வு பெற்ற சிஸ்டர்கள்; மற்றவர்கள் விசைத்தறி, கோழிப்பண்ணை, தோப்பு, கடை என்று இருப்பவர்கள். பிள்ளைகளை அனுப்ப மாட்டோம் என்று சொல்ல இதை எழுதவில்லை. அனுப்பியாயிற்று. எங்கள் முறையீடு ஒன்றே ஒன்றுதான்: சேர்ந்து ஒரு வாரம் ஆன பிள்ளையை முழுச் செவிலியராகக் கணக்கெழுதி, இரவு வார்டை அவள் தலையில் கட்டுகிறீர்கள்.

மே மாதக் கடைசியில் கோவையின் ஒருநாள் தொற்று சென்னையையே தாண்டியது. பெருந்துறை அரசு மருத்துவமனையிலும் சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. மருத்துவமனையிலும் படுக்கை நிரம்பியபோது மீதிக் கூட்டம் உங்கள் வாசலுக்குத்தான் வந்தது. ஆள் பற்றாக்குறை இருந்தது உண்மை. ஆனால் இந்தச் சீமையில் எந்த ஸ்பின்னிங் மில்லிலும் புதிதாக வந்த பிள்ளைக்கு முதல் நாளே தனி சைடு, அதாவது நூற்பு இயந்திரத்தின் ஒரு பக்கம், ஒதுக்குவதில்லை. அறுந்த இழையை ஒட்டக் கை பழகும்வரை பழைய ஆளின் பக்கத்தில்தான் நிறுத்துவார்கள். இழை அறுந்தால் மறுபடி ஒட்டிக்கொள்ளலாம் என்கிற இடத்திலேயே அவ்வளவு முறை இருக்கிறது.

இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோல் பொது மருத்துவமனை வார்டில் ஐந்து நோயாளிக்கு ஒரு செவிலியர், கற்பிக்கும் மருத்துவமனையில் மூன்று பேருக்கு ஒருவர், தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒருவருக்கு ஒருவர் என்று இருக்கிறது. எங்கள் பிள்ளைகள் பார்க்கும் வார்டுகளில் இரவு எட்டு மணிக்கு மேல் இருபது படுக்கைக்கு இரண்டு பேர். அந்த இரண்டில் ஒருவர் புதியவர். இரண்டாமவரை ஐ.சி.யூ.வுக்குக் கூப்பிட்டுக்கொண்டால் மிச்சம் யார் என்று உங்களுக்கே தெரியும்.

ஒரு சுற்று பார்ப்பது என்றால் என்ன என்று கணக்குப் போடுவோம். இரட்டைக் கையுறையோடு வெப்பம், நாடி, இரத்த அழுத்தம், மூச்சு எண்ணிக்கை, சாச்சுரேஷன் (இரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்பது) எல்லாம் எடுத்துக் குறிக்கக் கைதேர்ந்தவருக்கே ஒரு நோயாளிக்கு ஐந்து நிமிடம் ஆகும். இருபது பேருக்கு நூறு நிமிடம். சர்க்கரையை ஏற்றிவிடும் ஸ்டீராய்டு ஓடுவதால் சாப்பாட்டுக்கு முன் சர்க்கரையும் பார்க்க வேண்டும். கேஸ் ஷீட்டை உள்ளே கொண்டுபோக முடியாது. பலகையில் எழுதிப் படம் எடுத்து வெளியே அனுப்ப வேண்டும். ஆவி படிந்த பாதுகாப்புக் கண்ணாடி வழியே புதியவர் இதைச் செய்தால் நேரம் இரட்டிப்பாகும். முதல் சுற்று முடிவதற்குள் அடுத்த சுற்று வந்துவிடும். அப்போது முதலில் கைவிடப்படுவது மூச்சை எண்ணுவது. அதை ஒரு முழு நிமிடம் நின்று எண்ண வேண்டும். உங்கள் சார்ட்டுகளை எடுத்துப் பாருங்கள்: வரிசையாக எல்லாருக்கும் 20, 20, 20 என்று இருந்தால் யாரும் எண்ணவில்லை என்று பொருள். ஆக்சிஜன் ஓடும் நோயாளிக்கு சாச்சுரேஷன் 94 என்று நல்லபடியாகவே காட்டிக்கொண்டிருக்கும். மூச்சு மட்டும் நிமிடத்துக்கு 24-ஐத் தாண்டி 30-க்கு ஏறியிருக்கும். பழைய சிஸ்டர் கட்டில் பக்கத்தில் வரும்போதே கழுத்துத் தசை இழுப்பதைப் பார்த்து நின்றுவிடுவார். அது எந்தத் தேர்விலும் வராது. பக்கத்தில் நின்று பார்த்தால்தான் வரும்.

ஆக்சிஜன் சங்கதியைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறோம், ஏனென்றால் அதிகம் தப்பு நடப்பது அங்கேதான். பெரிய டி டைப் சிலிண்டரில் சுமார் 7,000 லிட்டர் இருக்கும். பை வைத்த ஆக்சிஜன் மாஸ்க்கான என்.ஆர்.எம். மாஸ்க்கில் நிமிடத்துக்கு 15 லிட்டர் போனால் எட்டு மணி நேரம்கூட வராது. நோயாளியை ஸ்கேனுக்கு நகர்த்தும் சின்ன பி டைப்பில் 1,500 லிட்டர்தான். அதே வேகத்தில் 100 நிமிடம். லிஃப்டுக்குக் காத்திருந்து, ஸ்கேன் வாசலில் காத்திருந்து, திரும்பி வருவதற்குள் முள் சிவப்புக்கு வந்துவிடும். இந்தக் கணக்கைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கும் வார்டு எத்தனை?

என்.ஆர்.எம். மாஸ்க்கை முகத்தில் வைக்கும் முன் பையை நிரப்ப வேண்டும். ஓட்டம் பத்து லிட்டருக்குக் கீழே இறங்கினால் பை சுருங்கும். நோயாளி தான் விட்ட மூச்சையே திரும்ப இழுப்பார். ஆக்சிஜன் ஈரமாவதற்காகக் கடந்து போகும் தண்ணீர் பாட்டிலின் மூடி மரை சரியாக உட்காராவிட்டால், ஓட்டத்தை அளக்கும் ஃப்ளோமீட்டர் 10 என்று காட்டும், போய்ச் சேர்வது அதில் பாதியாக இருக்கலாம். சோதிப்பது சுலபம்: டியூபை மடக்கிப் பிடித்தால் குமிழி நிற்க வேண்டும். நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் மூடி கசிகிறது. சிலிண்டரில் ரெகுலேட்டர் மாட்டும் முன் வால்வை ஒரு நொடி திறந்து தூசியை ஊதிவிட வேண்டும். சானிடைசர் காயாத கையோடு, எண்ணெய் பட்ட துணியோடு அதைத் தொடக் கூடாது, தீப்பிடிக்கும். இவ்வளவும் ஒரு பழைய சிஸ்டர் அரை மணி நேரத்தில் செய்து காட்டக் கூடியவை. அந்த அரை மணி நேரம் கொடுக்கப்படவில்லை. சிலிண்டர் திறக்கும் சாவி இரவில் கீழ்த்தளத்தில் ஆக்சிஜன் ஆள் இடுப்பில் இருக்கும் என்பதும் பிள்ளைக்கு யாரும் சொல்லவில்லை.

இன்னொன்று கழிப்பறை. நோயாளியின் துணைக்கு வரும் ஆளை உள்ளே விடுவதில்லை. விடிகாலை மூன்று மணிக்கு நோயாளி வெட்கப்பட்டுக்கொண்டு யாரையும் கூப்பிடாமல் மாஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டுத் தானே நடந்து போவார். படுத்திருக்கும்போது 93 இருந்தது, பத்தடி நடந்ததும் 70-க்குப் போகும். கதவை உள்ளே தாழ் போட்டிருப்பார். இந்த நோயில் ராத்திரி வார்டு பார்த்தவர்கள் அத்தனை பேருக்கும் இது தெரியும். அதனால்தான் அவர்கள் பத்து மணிக்கே கட்டில் கட்டிலாகப் போய் "அய்யா, எந்திரிக்கோணும்னா என்னைக் கூப்பிடுங்க, பெட்பேன் வெக்கறேன்" என்று சொல்லி வைப்பார்கள், கழிப்பறைத் தாழ்ப்பாளைக் கழற்றிவிடுவார்கள். புதிய பிள்ளை இதைத் தெரிந்துகொள்வது ஓர் உயிர் போன பிறகு என்றால் அந்தப் பாரத்தை அவள் எத்தனை வருடம் சுமப்பாள்?

மருந்து விஷயத்தில் இப்போது கரும்பூஞ்சையும் சேர்ந்துகொண்டது. கொரோனாவுக்குக் கொடுக்கும் ரெம்டெசிவிர் முதல் நாள் 200 மில்லிகிராம், பிறகு தினம் 100, சலைன் பாட்டிலில் கலந்து ஏற்றுவது. கரும்பூஞ்சைக்குக் கொடுக்கும் ஆம்ஃபோடெரிசின் பி-யைச் சலைனில் கலந்தால் திரிந்து வீழ்படியும். அதை 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸில் மட்டுமே கலக்க வேண்டும், ஏற்றும் முன்பும் பின்பும் லைனையும் டெக்ஸ்ட்ரோஸாலேயே கழுவ வேண்டும். பழைய வகை என்றால் நான்கு முதல் ஆறு மணி நேரம் மெதுவாக ஏற்ற வேண்டும். வேகம் கூடினால் குளிர் நடுக்கமும் காய்ச்சலும், சமயத்தில் இதயத் துடிப்பே குழம்பும். பொட்டாசியம் இறங்கும், சிறுநீரின் அளவு குறிக்க வேண்டும். ஒரே டிராலியில் இரண்டு மருந்தும், இரண்டு விதப் பாட்டிலும் இருக்கின்றன. கைப்பழக்கத்தில் சலைனை எடுப்பது தூக்கம் கெட்ட எந்தக் கைக்கும் நடக்கும். அதற்குத்தான் இரண்டு பேர் பார்த்துக் கையெழுத்துப் போடும் வழக்கம். இரவில் ஒருத்தியே நின்றால் இரண்டாவது கையெழுத்து எங்கிருந்து வரும்? இன்சுலினுக்கும், இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரினுக்கும் இதே கேள்விதான்.

கவச உடைக்கு வருவோம். இந்த உடை நம் ஊரில் தைக்கப்படுகிறது. கடந்த ஆண்டு பனியன் கம்பெனிகள் பல இதற்கு மாறின. துணியைச் செயற்கை இரத்தம் ஊடுருவுகிறதா என்று சோதித்துச் சான்று கொடுத்தது கோவை அவினாசி சாலையில் இருக்கும் ஜவுளி ஆராய்ச்சி நிறுவனமான சிட்ரா. ஐ.எஸ்.ஓ. 16603 சோதனையில் மூன்றாம் வகுப்பு, அதாவது 3.5 கிலோபாஸ்கல் அழுத்தம் தாங்க வேண்டும் என்பது விதி. தேறிய உடையின் உள்பக்கம் சான்று எண் அச்சிட்டிருக்கும். அந்த எண் இல்லாத, தையல் மேல் டேப் ஒட்டாத உடைகள் உங்கள் வார்டுக்கு வருகின்றன. திருப்பூரிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கும் மருத்துவமனைக்கு இதற்குச் சாக்கு எதுவும் இல்லை. அளவும் அப்படித்தான்: எல்லாருக்கும் எக்ஸ்.எல். ஒன்றே. குட்டையான பிள்ளைக்கு அது காலில் தடுக்கும், உயரமானவளுக்குக் குனிந்தால் கவட்டில் கிழியும்.

உடை போடுவதை எல்லாரும் சொல்லிக் கொடுக்கிறார்கள். தொற்று ஏறுவது கழற்றும்போது. வெளிக் கையுறை, பிறகு முகத்தை மறைக்கும் பிளாஸ்டிக் தகடு, பிறகு உடையை உள்பக்கம் வெளியே வரும்படி உடம்பைத் தொடாமல் சுருட்டிக் கீழே இறக்குவது, காலணி உறை, கண்ணில் போட்ட கண்ணாடி, உள் கையுறை, கடைசியில் அறைக்கு வெளியே வந்த பின் என்-95. ஒவ்வொரு படிக்கும் நடுவில் கை சுத்தம். அவசரமில்லாமல் செய்ய இருபது நிமிடம் ஆகும். டியூட்டி முடிந்து தலை சுற்றிக்கொண்டு நிற்கும்போது செய்ய வேண்டியது இது. அதனால் எதிரே ஒரு முழு உயரக் கண்ணாடியும், "அம்மிணி, இப்பக் கையத் தொடை, மூஞ்சியத் தொடாதே" என்று வாயால் சொல்லிக்கொடுக்க இன்னோர் ஆளும் வேண்டும். கண்ணாடி சில இடங்களில் இருக்கிறது. ஆள் இல்லை. மாஸ்க்கிலும் ஒரு குறை: காதில் மாட்டுவதை என்-95 என்று சொல்லிக் கொடுக்கிறீர்கள். தலையைச் சுற்றி இரண்டு பட்டை வர வேண்டும், மேல் பட்டை உச்சிக்கு, கீழ்ப் பட்டை கழுத்துக்கு. குறுக்கே போட்டால் கன்னத்தில் இடைவெளி விழும். போட்டதும் இரண்டு கையாலும் மூடி ஊதிப் பார்த்து மூக்கோரம் காற்று வருகிறதா என்று பார்க்க வேண்டும். வால்வு வைத்த மாஸ்க் வேண்டாம் என்று மத்திய சுகாதாரத் துறை 2020 ஜூலையிலேயே சொல்லிவிட்டது. இன்னும் வாங்குகிறீர்கள்.

இந்த உடைக்குள் ஏ.சி. இல்லாத வார்டில், கொங்கு நாட்டு மே மாதப் புழுக்கத்தில், பன்னிரண்டு மணி நேர இரவு டியூட்டி. ஆறு மணி நேரத்துக்கு மேல் யாராலும் தாங்க முடியாது. தண்ணீர் குடிக்க முடியாது, சிறுநீர் கழிக்க முடியாது, தூரமான நாளில் துணி மாற்ற முடியாது. சிறுநீர்க் கடுப்பும் காய்ச்சலுமாக வந்து, கொரோனாவோ என்று பயந்து டெஸ்ட் எடுத்துக்கொண்ட பிள்ளைகள் இருக்கிறார்கள். நடுவில் ஒரு தடவை கழற்றினால் இன்னொரு உடை தர வேண்டும் என்பதற்காக இன்சார்ஜ் முகம் சுளிக்கிறார். ஓர் உடையின் விலைக்காகவா?

தடுப்பூசி. சுகாதாரப் பணியாளர் என்ற வகையில் புதிதாகப் பெயர் பதிவதை ஏப்ரல் 3-ஆம் தேதி மத்திய அரசு நிறுத்தியது. 18 வயதுக்கு மேற்பட்டோருக்கு மே 1-இல்தான் திறந்தது, அப்போது ஊசி கிடைக்கவில்லை. மே 13-இல் கோவிஷீல்டின் இரண்டாம் தவணையை 12 முதல் 16 வாரத்துக்குத் தள்ளினார்கள். ஜனவரிப் பட்டியலில் பெயர் வராமல் போன, இப்போது சேர்ந்த இருபத்திரண்டு வயதுக்காரி இந்த மூன்று தேதிகளுக்கும் நடுவில் விழுந்துவிட்டாள். ஒரு தவணைகூட இல்லாமல் கொரோனா ஐ.சி.யூ.வில் நிற்கிறாள். யாரும் இதைத் தீய எண்ணத்தில் செய்யவில்லை. யாரும் கேட்டுப் பார்க்கவும் இல்லை. ஹெப்படைட்டிஸ் பி ஊசி மூன்று தவணையும் போட்டாளா, ஊசி குத்திவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் யாரிடம் போக வேண்டும் என்பதும் சேர்க்கும் நாளில் கேட்டிருக்க வேண்டியவை.

இறந்தவரின் உடலைத் துடைத்துக் கட்டி அனுப்புவது பற்றியும் சொல்லியாக வேண்டும். குழாய்களை எடுத்து, துளைகளை ஒரு சதவீத ஹைப்போகுளோரைட்டால் துடைத்து மூடி, கசியாத பையில் வைத்து, பையின் வெளிப்புறத்தையும் துடைக்க வேண்டும். இரண்டு பேர் வேலை. தான் பார்த்த முதல் சாவில் உடலைத் தனியாகக் கட்டிய கையோடு, "கீழே போய் அவங்க ஆளுங்ககிட்டச் சொல்லிடு" என்று அனுப்பப்பட்ட பிள்ளை இருக்கிறாள். சாவைச் சொல்வது மருத்துவரின் வேலை. சொன்ன இடத்தில் கூட்டம் கை ஓங்கினால் வாங்கிக்கொள்வது அவளா? 2020 ஏப்ரலில் தொற்றுநோய்ச் சட்டத்தைத் திருத்தி, மருத்துவப் பணியாளரைத் தாக்கினால் மூன்று மாதம் முதல் ஐந்து வருடம் வரை சிறை என்று வைத்திருக்கிறார்கள். புகார் கொடுக்க வேண்டியது நிர்வாகம். சமாதானம் பேசி அனுப்புவதுதான் நடக்கிறது.

தங்குமிடத்தில் கொரோனா வார்டு பார்ப்பவர்களும் மற்ற வார்டுக்காரர்களும் ஒரே ஹாலில், ஒரே குளியலறையில். மே 10-லிருந்து பஸ் இல்லை. கோபி, அந்தியூர், தாராபுரம், காங்கேயம் பக்கமிருந்து வருபவர்களுக்கு வேறு வழியும் இல்லை. காலை எட்டரைக்குக் கழற்றிக் குளித்து வந்தால் மெஸ்ஸில் டிபன் முடிந்திருக்கும். தொற்று வந்து படுத்தால் அந்த நாட்களைச் சம்பளத்தில் பிடிக்கிறீர்கள். தனிமைப்படுத்தும் காலத்தைப் பணிக்காலமாகவே கருத வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 ஜூலை 31-இல் கேட்ட பிறகும் இது நடக்கிறது.

சம்பளத்தைப் பற்றி நீட்டவில்லை. உச்ச நீதிமன்ற உத்தரவின்பேரில் 2016-இல் அமைந்த குழு, ஐம்பது படுக்கைக்குக் குறைந்த மருத்துவமனையிலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது, 200 படுக்கைக்கு மேல் என்றால் அரசுச் சம்பளத்துக்கு ஈடாக இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. நீங்கள் கொடுப்பது பத்தாயிரம், பன்னிரண்டாயிரம். அதையும் வாங்கிக்கொண்டு பிள்ளைகள் வருகிறார்கள்.

எங்கள் கோரிக்கைகள் இவை.

புதிதாகச் சேர்ந்தவரை முதல் பத்து டியூட்டிக்கு எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள். ஒரு மூத்த செவிலியரோடு அவர் நிழலாக நிற்கட்டும். சிலிண்டர் மாற்றுவது, என்.ஆர்.எம். போடுவது, கவச உடை கழற்றுவது, இன்ஃப்யூஷன் பம்ப், ஆம்ஃபோடெரிசின் கலப்பது, இதயம் நின்றால் நெஞ்சை அழுத்துவது, இவை ஒவ்வொன்றையும் அவர் செய்ததைப் பார்த்து மூத்தவர் தேதியோடு கையெழுத்திட்ட தாள் ஒன்று இருக்க வேண்டும். அது முடியாமல் இரவு டியூட்டி வேண்டாம். முடிந்த பிறகும் ஆறு மாதம் வரை எந்த இரவிலும் வார்டில் ஒரே செவிலியராக அவரை விடாதீர்கள். இதற்கு ஆள் போதாது என்றால் படுக்கையைக் குறையுங்கள். வீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற சிஸ்டர்களைக் கூப்பிடுங்கள். தடுப்பூசி போட்ட சிலர் எங்களிலேயே வரத் தயாராக இருக்கிறோம்; உடை போட்டு உள்ளே வர வயது விடாவிட்டாலும், உடை கழற்றும் அறைக்கு வெளியே நின்று சொல்லிக்கொடுக்க முடியும்.

கவச உடையில் ஆறு மணி நேரமே உச்ச வரம்பு, நடுவில் கழற்ற நேர்ந்தால் கேள்வி கேட்காமல் மாற்று உடை. ஒரு தவணைத் தடுப்பூசியாவது போட்டு இரண்டு வாரம் ஆகாதவரைக் கொரோனா வார்டில் போடாதீர்கள். கொரோனா டியூட்டிக்காரர்களுக்குத் தனித் தங்குமிடம், டியூட்டி முடியும் நேரத்துக்குச் சாப்பாடு, ஊருக்குப் போக வர நிர்வாக வண்டி. தொற்று வந்த நாட்களுக்கு முழுச் சம்பளம், உங்கள் மருத்துவமனையிலேயே செலவில்லாத சிகிச்சை. சாவுச் செய்தி சொல்லப் புதியவரை அனுப்பாதீர்கள்.

பாதியில் வேலையை விடக் கூடாது என்று பாண்டு (ஒப்பந்தம்) என்ற பெயரில் வாங்கி வைத்திருக்கும் ஒரிஜினல் சான்றிதழ்களைத் திருப்பிக் கொடுங்கள். நூறு நாள் முன்னுரிமை என்று சொல்லியிருப்பதால், கொரோனா வார்டில் பார்த்த ஒவ்வொரு டியூட்டியையும் தேதியோடு எழுதி மாதக் கடைசியில் முத்திரை வைத்துக் கொடுங்கள். அந்தத் தாள் இல்லாவிட்டால் நாளைக்கு எந்த அலுவலகத்திலும் அந்த நூறு நாள் செல்லாது.

இணை இயக்குநர்களிடம் கேட்பது: ஒவ்வொரு கொரோனா வார்டின் வாசலிலும் அன்றைய டியூட்டி லிஸ்ட், எத்தனை படுக்கை, எத்தனை செவிலியர், அவர்களில் யார் சேர்ந்து எத்தனை நாள் என்பதோடு ஒட்டப்பட வேண்டும் என்று ஜூன் 15-க்குள் உத்தரவு போடுங்கள். போட்ட உத்தரவைப் பகலில் வந்து சரிபார்க்காமல், சொல்லாமல் கொள்ளாமல் விடிகாலை மூன்று மணிக்கு வந்து பாருங்கள்.

இப்படிக்கு,
கொங்கு மாவட்டங்களில் இந்த வருடம் வேலைக்குச் சேர்ந்த செவிலியர்களின் பெற்றோர்